வாபஸ் பாபு

என் கடையில் வாங்கிய சாமானைத் திருப்பிக் கொண்டுவந்து தந்தவர்கள் எத்தனையோ பேர். உடைந்த முட்டை, தேதி முடிந்த பிஸ்கட், வீட்டில் வேண்டாமென்று சொல்லிவிட்ட துவரம்பருப்பு. சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டு போக வந்தவர் வாபஸ் பாபு ஒருவர்தான். அதற்கும் கடையில் நாலு பேர் நிற்கிற நேரமாகப் பார்த்துத்தான் வருவார்.

ஒருநாள் ரவை மூட்டையில் என்னவோ ஊர்ந்தது. பூச்சிக்குப் பெயர் சொல்வதென்றால் அவர்தானே. பால் வாங்க வந்தவரிடம் காட்டினேன். போனைக் கிட்டே கொண்டுபோய்ப் படம் எடுத்தார். "அரிசி வண்டு பாய். வெயில்ல காய வச்சுச் சலிச்சாப் போதும்" என்றார். நானும் காய வைத்துச் சலித்தேன். விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் நர்ஸம்மா ஒருவர் ரவைப் பாக்கெட்டைக் கையில் எடுத்த நேரம் பார்த்து ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். "பாய், நேத்து உங்க ரவையில கிடந்த வண்டப் பத்தித் தப்பாச் சொல்லிட்டேன். அரிசி வண்டுக்கு மூக்கு நீளமா இருக்கும். படத்தப் பெருசாக்கிப் பாத்தா இதுக்கு மூக்கே இல்ல. இது மாவு வண்டு" என்றார். நர்ஸம்மா பாக்கெட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

"மூக்கு இருந்தா என்ன சார், இல்லாட்டி என்ன? ரெண்டும் ரவையத்தான திங்குது" என்றேன். எனக்கு எரிச்சல். வியாபாரம் போய்விட்டதே.

"அதெப்படி பாய். நான் சொன்னது தப்புலா" என்று வலது கையை நீட்டினார். தப்பாகச் சொன்னதைத் திரும்ப வாங்கும்போதெல்லாம் அப்படித்தான் நீட்டுவார், பாக்கிச் சில்லறைக்கு நிற்பவரைப் போல.

ஆள் திருநெல்வேலிப் பக்கம். இங்கே அந்தமானில் கப்பல் டிக்கெட் கவுண்டரில் வேலை. ஒருமுறை ஹட் பே போகிற பெங்காலிப் பெரியவர் ஒருவருக்குக் கப்பல் புறப்படும் நேரத்தை மாற்றிச் சொல்லிவிட்டார். ஆள் போன பிறகுதான் உறைத்திருக்கிறது. டிக்கெட்டில் நேரம் சரியாகத்தான் அச்சாகியிருந்தது. வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். இவர் ஆபீஸ் விட்டதும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, பெயரை மட்டும் வைத்துத் தெருத்தெருவாக விசாரித்து, பெரியவர் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் வாசலில் போய் நின்றிருக்கிறார். "தாதா, ஹம் கலத் போல் தியா" என்று கையை நீட்டினாராம். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்வதற்காகக் கவர்மென்ட் ஆள் வீடு தேடி வருவார் என்று எந்த மனுசன் நம்புவான்? டிக்கெட்டைப் பிடுங்கத்தான் வந்திருக்கிறார் என்று பெரியவர் அழத் தொடங்கிவிட்டாராம். அந்தக் கதை ஆபீஸில் பரவி, 'வாபஸ் பாபு' என்று பெயர் வைத்தார்கள். பெயர் மெல்ல குட்வில் எஸ்டேட்டில் என் கடை வரைக்கும் வந்து சேர்ந்தது. முகத்துக்கு நேரே நான் சார் என்றுதான் கூப்பிடுவேன்.

பூச்சி விஷயத்தில் இந்தக் குணம் இன்னும் மோசம். அவர் புழங்கியது ஒரு வெப்சைட்டில். யார் வேண்டுமானாலும் பூச்சிப் படம் போடலாம். தெரிந்தவர்கள் அது என்ன பூச்சி என்று பெயர் எழுதுவார்கள். சரியென்று நினைக்கிறவர்கள் பொத்தானைத் தட்டி 'ஆமாம்' போடுவார்கள். பூச்சி பற்றி டாக்டர் பட்டம் வாங்கியவருக்கும் ஒரு ஓட்டுதான், டிக்கெட் கொடுக்கிறவருக்கும் ஒரு ஓட்டுதான். போட்ட ஓட்டை எப்போது வேண்டுமானாலும் வாபஸ் வாங்கலாம், ஆனால் போட்டவர்தான் வாங்க முடியும். இந்தச் சட்டம் அவருக்கென்றே செய்தது போல இருந்தது. பாராடாங் குகை பார்க்க வருகிற டூரிஸ்டுகள் எடுத்துப் போடுகிற படங்களுக்கெல்லாம் உட்கார்ந்து பெயர் சொல்வார். தப்பென்று தெரிந்தால் வாபஸ் வாங்கிவிட்டு, படம் போட்டவருக்குத் தனியாக மன்னிப்பும் எழுதுவார். சாதாரண ஈசலுக்கு எதற்கு இத்தனை மன்னிப்பு என்று பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது.

"தப்பான பேரு ஒரு இடத்துல நின்னுட்டா, அடுத்தவன் அதப் பாத்து அவன் படத்துக்கும் அதே பேரப் போடுவான் பாய். அவனப் பாத்து இன்னொருத்தன். அப்புறம் யாரு போய் எங்கன்னு திருத்த?" என்பார்.

அவர் சம்சாரம் நேர் எதிர். அவரை நான் அக்கா என்பேன். அக்கா சொன்னால் சொன்னதுதான். ஒரு தேங்காயை ஆட்டிப் பார்த்துவிட்டு அழுகல் என்றார். எனக்கு ரோஷம் வந்து அங்கேயே உடைத்துக் காட்டினேன். உள்ளே பால் மாதிரி வெள்ளை. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப நல்லாத்தான் இருக்கும் தம்பி, சாயந்தரம் கெட்டுரும்" என்று வேறு காயை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இந்த மனுசியும் அந்த மனுசனும் ஒரே வீட்டில் எப்படிக் குடித்தனம் நடத்தினார்கள் என்று நான் யோசித்ததுண்டு. நன்றாகவே நடத்தினார்கள். சார் ஒரு படத்தை நாள் கணக்கில் முறைத்துக்கொண்டிருந்தால் அக்கா, "எழுதுங்க, இதுதான். பாத்துட்டே இருந்தா அதுக்குப் பேரு முளைக்குமாக்கும்?" என்பார். சார் சிரித்துக்கொண்டே எழுதுவார்.

எங்கள் ஊரில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். கடைக்குப் பின்னால் மரம் அடர்ந்த சரிவு. வாசலில் நான் போட்டிருந்த குண்டு பல்புக்கு அந்தச் சரிவிலிருந்து விட்டில்கள் வந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். சாயந்தரம் இருவரும் வந்து, சாமான் வாங்குகிற சாக்கில் சுவரைப் பார்ப்பார்கள். அப்படி ஒரு சாயந்தரம் தயிர் வாங்க வந்த அக்கா, காய்ந்த இலை நிறத்தில் இருந்த ஒரு விட்டிலைத் தன் போனில் எடுத்தார். சார் பல புத்தகங்களைப் புரட்டிவிட்டு, இது அந்தமானில் இதுவரை யாரும் பார்த்ததாகச் சொல்லாத அபூர்வ விட்டிலாக இருக்கலாம் என்றார். அக்காவுக்கு 'இருக்கலாம்' எல்லாம் கிடையாது. தன் பெயரில் படத்தைப் போட்டு, அந்த அபூர்வ விட்டிலின் பெயரையும் எழுதிவிட்டார். சார் 'ஆமாம்' போட்டார்.

கோயம்புத்தூர்ப் பக்கம் விட்டில்களைப் பற்றியே ஆராய்ச்சி செய்கிற புரொபசரம்மா ஒருவர் உண்டு. சார் அவருக்கு எழுதினார். புரொபசரம்மா போனில் பேசியபோது நானும் பக்கத்தில் இருந்தேன். "பூச்சி கைல இருந்தா நல்லா இருக்கும் சார். படத்த மட்டும் வெச்சு எழுதறதுக்குக் கொஞ்சம் தயக்கம்தான்" என்றார். பூச்சி எங்கே இருக்கும்? அது அன்றைக்கே பறந்து போயிருக்கும். சாரும் அக்காவும் பூச்சியைப் பிடித்துக் குத்தி வைக்கிற ஆட்கள் இல்லை. அந்த விட்டிலையே போல ஒரு சாதாரண விட்டிலும் உண்டாம். மேல் சிறகு இரண்டுக்கும் ஒன்றுபோல. உட்காரும்போது உள்ளே ஒளித்துக்கொள்கிற கீழ் சிறகுதான் வித்தியாசம், அபூர்வமானதற்கு வெள்ளை, சாதாரணத்துக்கு மஞ்சள். அக்காவின் படத்தில் கீழ் சிறகு ஓரமாக நூலளவு எட்டிப் பார்த்தது. கொஞ்சம் மஞ்சளாகத்தான் இருந்தது. பல்பே மஞ்சள், அதன் கீழே வெள்ளையும் அப்படித்தான் தெரியும் என்று சாரும் புரொபசரம்மாவும் பேசி முடிவுக்கு வந்தார்கள். புரொபசரம்மா ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்றில் சின்னக் குறிப்பு எழுதினார். அந்தமானில் முதல் பதிவு என்று போட்டு, படத்துக்குக் கீழே அக்காவின் பெயர்.

அது அச்சாகி வந்தபோது அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தார். வயிற்றில் கட்டி. மெயின்லேண்டுக்குக் கொண்டுபோய்க் காட்டி, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். நான் பார்க்கப் போனபோது வார்டில் மருந்து கொடுக்கிற பெண்ணிடம் போனை நீட்டி, "அந்தமானுக்கே ஃபர்ஸ்ட்டு இது. யாரு எடுத்ததுன்னு பேரப் பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வா தம்பி, உன் கடைச் செவுத்துக்கும் இதுல ஒரு எடம் கெடச்சிருக்கு" என்றார். சார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சந்தோஷத்தோடு அக்கா போய்ச் சேர்ந்தார் என்று சொல்ல எனக்கு ஆசைதான். வலியோடுதான் போனார். கடைசி வாரத்தில் யாரையும் அடையாளம் தெரியவில்லை.

அதற்குப் பிறகு சார் கடைக்கு வருவார், சுவரைப் பார்க்க மாட்டார். மாதம் பிறந்ததும் அக்காவின் நம்பருக்கு ரீசார்ஜ் பண்ணச் சொல்வார். முதல் தடவை வாய் தவறி, "ஆள் இல்லாத நம்பருக்கு எதுக்கு சார்?" என்று கேட்டுவிட்டேன். "இருக்கட்டும் பாய்" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அப்புறம் நான் கேட்கவில்லை.

குண்டு பல்பு ஒருநாள் ஃபியூஸ் போனது. இப்போது யார் குண்டு பல்பு விற்கிறார்கள்? வெள்ளை எல்.இ.டி. வாங்கி மாட்டினேன். மழை விட்ட ஒரு சாயந்தரம், முட்டை வாங்க வந்த சார் பழக்க தோஷத்தில் தலையைத் திருப்பினார். அதே காய்ந்த இலை நிறம், அதே இடம். முட்டையை என் கையிலேயே விட்டுவிட்டுக் கிட்டே போனார். அது சிறகைக் கொஞ்சம் நகர்த்தியது. கீழ் சிறகு வெள்ளை வெளிச்சத்தில் நல்ல மஞ்சளாக இருந்தது, மாம்பழத் தோல் மாதிரி.

"இது சாதாரண விட்டில் சார். அக்கா எடுத்தது வேற" என்றேன். எனக்கே அந்த அளவு பாடம் ஏறியிருந்தது.

சார் போனைத் திறந்து அக்காவின் படத்தை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு சுவரைக் காட்டி, "பாய், இந்த ஸ்டிக்கர் எப்ப ஒட்டினது?" என்றார். மலேரியா ஆபீஸ்காரர்கள் ஒட்டிவிட்டுப் போன வெள்ளை ஸ்டிக்கர். ரொம்ப வருஷமாக இருப்பது. அக்காவின் படத்திலும் விட்டிலுக்குப் பக்கத்தில் அதன் மூலை விழுந்திருந்தது. குண்டு பல்பு வெளிச்சத்தில் ஸ்டிக்கர் லேசாக மஞ்சள் தட்டியிருந்தது, அவ்வளவுதான். விட்டிலின் சிறகோரத்தில் தெரிந்த நூலோ அதைவிட எத்தனையோ மடங்கு மஞ்சள். பல்பு வெளிச்சம் வெள்ளையை அந்த அளவுக்கு மாற்றவில்லை. விட்டிலையே உற்றுப் பார்த்தவர்கள் யாரும் பக்கத்தில் இருந்த காகிதத்தைப் பார்க்கவில்லை.

நான் அந்த எல்.இ.டி.யை மாட்டாமலே இருந்திருக்கலாம். கடை இருட்டாகக் கிடந்தால் கிடந்துவிட்டுப் போகிறது.

"சார், இத நீங்களும் நானும்தான் பாத்தோம். யாருக்குத் தெரியப்போவுது? விடுங்க" என்றேன்.

"எனக்குத் தெரியும்லா பாய்."

"தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போவுது. அக்கா பேருக்குன்னு உலகத்துல இருக்கறதே அது ஒண்ணுதான். அதையும் எடுத்துட்டு நீங்க என்ன பண்ணப் போறீங்க?" என் குரல் உயர்ந்துவிட்டது. அவர் முட்டையை வாங்காமலே போய்விட்டார்.

பல நாள் வரவில்லை. வந்தபோது முகம் வற்றியிருந்தது. ஹாவ்லாக் தீவில் யாரோ ஒருவர் இதே விட்டிலை எடுத்துப் போட்டு, அக்காவின் படத்தைப் பார்த்து அதே அபூர்வப் பெயரை எழுதியிருக்கிறார் என்றார். அன்றைக்கே சார் தன் 'ஆமாம்' ஓட்டை வாபஸ் வாங்கி, அக்கா சொன்னது தவறு, இது சாதாரண விட்டில் என்று எழுதிவிட்டார். புரொபசரம்மாவுக்கும் சொன்னார். அவர் பெருந்தன்மையான மனுசி. "தப்பு என்னோடதும்தான் சார். நான் பூச்சி இல்லாம எழுதியிருக்கக் கூடாது. பத்திரிகைல திருத்தம் போட்டுடறேன், இது எப்பவும் நடக்கறதுதான்" என்றாராம். அவரும் தன் ஓட்டை மாற்றிவிட்டார். அவர் பிழைப்பில் அது மூன்று வரித் திருத்தம். சார் மூன்று நாள் சாப்பிடவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள்.

இப்படியாக வெப்சைட்டில் அக்காவின் படம் இருக்கிற பக்கத்தில் அபூர்வ விட்டில் என்று அக்கா ஒருவர், சாதாரண விட்டில் என்று இரண்டு பேர். வெப்சைட் கணக்குப்படி அது போதாது, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வேண்டும். இன்னும் ஒரே ஒரு ஆள் சார் பக்கம் சேர்ந்தால்தான் அக்கா எழுதிய பெயர் விழும். அதுவரை இழுபறி, தலைப்பில் வெறுமனே விட்டில் என்று இருக்கும். எங்கள் தீவு விட்டில்களில் வித்தியாசம் தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்தவர்களும் இப்படித் தகராறு நடக்கிற பக்கத்தில் தலையிட மாட்டார்கள். சார் சில சாயந்தரங்களில் வந்து, "இன்னும் யாரும் வரல பாய்" என்பார். வருத்தமா நிம்மதியா என்று எனக்குப் பிடிபட்டதில்லை.

ரிட்டயர் ஆனதும் சென்னையில் மகள் வீட்டோடு போய்விடுவதென்று முடிவானது. கப்பலுக்கு முதல் நாள் வந்து, பால் டிரேயைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பாய், உங்களுக்கு ஒரு தடவ அந்த வெப்சைட்ல கணக்குத் திறந்து குடுத்தேன்லா. அது இருக்கா?"

"இருக்கும் சார். ஒரு கரப்பான் போட்டதோட சரி."

"நீங்க ஒரு ஓட்டுப் போடணும். என் பக்கம்."

நான் அவரையே பார்த்தேன். பிறகு மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "அக்கா போன் உங்க கையிலதான சார் இருக்கு? மாசாமாசம் நான்தான ரீசார்ஜ் பண்றேன். அதத் தெறந்து அக்கா ஓட்ட வாபஸ் வாங்கிட்டா சோலி முடிஞ்சு போவுது. நான் எதுக்கு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தெறந்தேன் பாய். ஒரு நாள் இல்ல, எத்தனையோ நாள் தெறந்தேன். அவ சொன்னத நான் எப்படி வாபஸ் வாங்க? என் வாய்ல வந்தது எதுன்னாலும் வாங்கிருவேன். இது அவ சொன்னதுலா. அவளுக்குன்னு மிச்சம் ஒரு பேச்சு அதுல இருக்கு. தப்புதான். இருந்தாலும் அவ பேச்சு."

"எனக்கு விட்டிலப் பத்தி என்ன தெரியும் சார்?"

"பாக்காம ஓட்டுப் போடக் கூடாது. அதுக்குத்தான் வந்தேன்" என்று அக்காவின் படத்தைத் திறந்தார். பெரிதாக்கினார். ஸ்டிக்கரின் மூலையைக் காட்டினார். சிறகோரத்தைக் காட்டினார். "என்ன தெரியுது?"

"மஞ்சள்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. எனக்காகச் சொல்லாதீங்க."

"மஞ்சள்தான் சார்."

"அப்பச் சரி" என்றார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். "நான் கப்பல் ஏறின பொறவு தட்டுங்க. நான் இங்கன இருக்கும்போது வேண்டாம்."

மறுநாள் ஹாட்டோ ஜெட்டியில் அவரை ஏற்றிவிட்டுக் கடைக்கு வந்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அக்காவின் பெயர், அதற்குக் கீழே அவர் பெயர், அதற்குக் கீழே புரொபசரம்மா. மஞ்சள் எனக்கு நன்றாகவே தெரிந்தது. தெரியாமல் இருந்திருந்தால், சார் சொன்னாரே என்று தட்டியிருப்பேனோ என்னவோ. என் கடைச் சுவர், என் பல்பு. தயிர்ப் பாத்திரத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு அக்கா நின்ற நிலை கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் யார் அந்த அம்மாளைத் தோற்கடிக்க? போனைக் கல்லாவில் போட்டு மூடினேன். நாளைக்குத் தட்டலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அதையேதான் நினைத்தேன்.

பொங்கல் முடிந்து ஒருநாள் சார் கூப்பிட்டார். பேத்தியைக் காட்டினார். பால்கனியைக் காட்டி, எட்டாவது மாடிக்குக் கொசு கூட வருவதில்லை என்றார். கொஞ்சம் இளைத்திருந்தார். வெங்காய விலை, ஆபீஸ் ஆட்கள், என் மகள் கல்யாணம் எல்லாம் பேசி முடித்த பிறகு கேட்டார்.

"அந்தப் பக்கத்த நேத்துப் பாத்தேன் பாய். அப்படியே இருக்கு."

"ஆமா சார்."

"தட்டலியோ?"

"தட்டத்தான் பாத்தேன் சார். இங்க நெட்டு சரியில்ல. சுத்திட்டே இருக்கு, தெறக்கவே மாட்டேங்குது."

நாங்கள் பேசிக்கொண்டிருந்ததே வீடியோ காலில். கடலுக்கடியில் கேபிள் போட்டதிலிருந்து எங்கள் ஊர் நெட்டுக்கு ஒரு குறையும் கிடையாது. அவர் தாடையில் ஷேவ் பண்ணாத வெள்ளை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. என் முகமும் அவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க நெட்டு எப்பவும் அப்படித்தான் பாய்" என்றார். "கெடைக்கும்போது பாத்துக்கலாம். அவசரம் ஒண்ணும் இல்ல."

பிறகு போனை எங்கேயோ சாய்த்து வைத்தார். சுற்றுகிற ஃபேன் மட்டும் தெரிந்தது. அவர் அழுகிற சத்தம் கேட்டது. கஸ்டமர் ஒருவர் வந்து சர்க்கரை கேட்டார். இரு என்று கையைக் காட்டிவிட்டு, சார் திரும்பப் போனை எடுக்கிற வரைக்கும் அந்த ஃபேனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.